பந்தயப் பருவம் – 6: உடைசலைப் பொறுக்கும் கை

2025 ஜூலையில் ஒரு காணொளி கைபேசிக்குக் கைபேசி பறந்தது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இத்தாலியில் மிசானோ பந்தயத் தடம். ஜிடி4 ஐரோப்பியத் தொடரின் போட்டி. தடத்தில் நின்றுபோயிருந்த ஒரு வண்டியின் மீது நடிகர் அஜித் குமாரின் வண்டி மோதுகிறது. அன்றைய பந்தயம் அவருக்கு அதோடு முடிந்தது. நல்லவேளையாக அவருக்கு அடி எதுவும் இல்லை.

அந்தக் காணொளியை நான் பத்து முறையாவது பார்த்திருப்பேன். மோதலுக்காக அல்ல, அதற்குப் பிறகு வரும் காட்சிக்காக. வண்டியை விட்டு இறங்கியவர் ஒதுங்கிப் போய் நிற்கவில்லை. தடத்தில் சிதறிக் கிடந்த உடைசல்களைக் களப்பணியாளர்களோடு சேர்ந்து குனிந்து பொறுக்கத் தொடங்கினார். ஓட்டுநர்கள் இப்படிச் செய்வதைப் பார்ப்பது அரிது என்று வர்ணனையாளர்களே பாராட்டினார்கள்.

செவிலிமேட்டில் பாலாற்றுப் பாலத்துக்குப் போகும் வழியில் நான் வழக்கமாக உட்காரும் டீக்கடையில் இதைக் காட்டினேன். எனக்குப் பெரியப்பா முறையில் ஒருவர் அங்கே வருவார். ஐம்பது வருடம் தறியில் உட்கார்ந்தவர். கைபேசியைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்பா, இவ்ளோ பெரிய ஆளு. அதைப் பொறுக்க அங்க ஆளு இல்லியா?"

ஆள் இருக்கிறார்கள் பெரியப்பா. மார்ஷல் என்று பெயர். கொடி காட்டுவது, மோதிய வண்டியை அப்புறப்படுத்துவது, தீ பிடித்தால் அணைப்பது எல்லாம் அவர்கள் வேலை. பெரும்பாலும் பந்தயத்தின் மீதுள்ள ஆசையால் தாங்களாகவே வந்து நிற்பவர்கள். பந்தய வண்டிகளின் மேல்பாகத்தில் கார்பன் நார்ப் பாகங்கள் உண்டு. உடைந்தால் கண்ணாடிச் சில்லு மாதிரி கூர் கூராகச் சிதறும். காய்ந்த தடத்துக்கான பந்தய டயரில் வரி கிடையாது, மழமழவென்று இருக்கும். அதில் ஒரு சில்லு ஏறினால் அடுத்த வளைவில் இன்னொருவன் உயிருக்கு ஆபத்து. அதனால்தான் சுணங்காமல் பொறுக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவையும் சொன்னேன். பெரியப்பா டீயை ஆற்றிக்கொண்டே, "அப்ப அவருக்கு அந்த வேலை தெரிஞ்சிருக்கு" என்றார்.

சென்ற ஐந்து வாரமாக நான் எழுத நினைத்துச் சரியாக எழுத வராதது அந்த ஒரு வாக்கியம்தான். ஒரு சிறிய அணியின் பந்தயப் பருவம் என்பது மேடை ஏறிக் கோப்பை தூக்கும் படங்களின் வரிசை அன்று. உடைந்ததைப் பொறுக்கி, பூட்டி, மறுபடி ஓடவிடுகிற வேலையின் வரிசை. அந்த வேலை தெரிந்தவர்களைப் பற்றித்தான் இந்த வாரம்.

*

சென்ற வாரம் துபாயில் விட்டோம். 2025 ஜனவரி 7, செவ்வாய்க்கிழமை. 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியில் அஜித் குமார் ரேசிங் அணியின் போர்ஷே, அவரே ஓட்டிக்கொண்டிருந்தபோது தடுப்பில் மோதிச் சுழன்றது. பிரேக் பழுதானதுதான் காரணம் என்று அணி பின்னால் அறிவித்தது. பந்தயம் சனிக்கிழமை. நடுவில் இருந்தது மூன்று நாள்.

மோதிய பந்தய வண்டியை மறுபடி தடத்தில் இறக்குவது டிங்கர் வேலை மட்டும் அன்று. போர்ஷே 911 வகையில் என்ஜின் பின்னால் இருக்கிறது. ஆனால் அதைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்கள் முன்னால்தான். முகம் அடிபட்டால் முதலில் போவது அவைதான். பிறகு சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கைகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பார்வைக்கு நேராகத் தெரியும் கம்பி ஒன்று ஒரு மில்லிமீட்டர் வளைந்திருந்தாலும், 200 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஸ்டியரிங் தண்டு, பிரேக் குழாய்கள், ஓட்டுநரைச் சுற்றியிருக்கும் இரும்புக் கூண்டு என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். கடைசியில் போட்டி அதிகாரிகள் வந்து சோதித்துச் சரி என்று சொல்ல வேண்டும். இத்தனையும் முடிந்த பின்தான் ஓட்டுநர் இருக்கையில் உட்காரலாம்.

சனிக்கிழமை 901 என்ற எண்ணோடு அந்த அணியின் வண்டி களத்தில் இருந்தது. ஆனால் அதன் ஓட்டுநர் பட்டியலிலிருந்து அஜித் குமார் விலகியிருந்தார். அந்த வண்டிக்கு உரிமையாளராக மட்டும் இருப்பது, ரஸூன் என்ற வேறொரு அணியின் 414 எண் போர்ஷே கேமன் ஜிடி4 வண்டியில் ஓட்டுநராக இறங்குவது என்று இரண்டு வேடங்களையும் பிரித்துக்கொண்டார். 901-ஐ மாத்தியூ டெட்ரி, ஃபேபியன் டஃபியூ, கேமரூன் மெக்லியோட் மூவரும் ஓட்டினார்கள்.

அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த முடிவு இதுதான் என்பது என் கருத்து. அவர் ரசிகர்களில் சிலர் அன்று வருத்தப்பட்டார்கள். தன் பெயர் எழுதிய வண்டியில் தானே உட்காராமல் இருப்பது லேசான காரியம் இல்லை. நான்கு பேர் ஓட்ட வேண்டிய 24 மணி நேரத்தில் ஒருவருடைய உடலும் மனமும் மோதலின் அதிர்ச்சியில் இருந்தால், அந்தச் சுமை மற்ற மூவர் மீதும் ஏறும். விலகினால் அணி பிழைக்கும். அவர் விலகினார்.

*

அன்று ஜனவரி 11. இங்கே மார்கழி 27, கூடாரவல்லி. தெருவில் இரண்டு வீட்டிலிருந்து அக்காரவடிசல் வந்திருந்தது. பந்தயத்தைக் கைபேசியில் நேரலையாகப் பார்க்க உட்கார்ந்தேன். மறுநாள் பந்தயம் முடிகிறவரை வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

24 மணி நேரப் பந்தயத்தைப் பார்க்கத் தெரிந்துகொள்ள ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் போதும். வேகமான வண்டி ஜெயிப்பதில்லை, குறைவாக நிற்கும் வண்டிதான் ஜெயிக்கிறது. துபாய் தடத்தின் ஒரு சுற்று 5.39 கி.மீ. இந்த வகைப் போர்ஷே அதை இரண்டு நிமிடம் சொச்சத்தில் முடித்துவிடும். ஒரு சுற்றுக்கு அரை நொடி மிச்சம் பிடிக்க ஓட்டுநர் உயிரைக் கொடுக்கிறார். டயர் மாற்ற வண்டி வந்து நிற்கும் பிட்டில் ஒரு போல்ட் சிக்கி நான்கு நிமிடம் போனால், 480 சுற்றில் சேர்த்த அரை நொடிகள் அத்தனையும் போயின. 480 சுற்று என்பது பதினாறு மணி நேரத்துக்கும் மேலான ஓட்டம்.

இந்தத் தொடரில் கோட் 60 என்று ஒரு விதி உண்டு. தடத்தில் விபத்து நடந்தால் ஊதா நிறக் கொடி காட்டுவார்கள். உடனே எல்லா வண்டியும் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு இறங்க வேண்டும். முந்தக் கூடாது. கொஞ்சம் கணக்குப் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் முடியும் சுற்று இப்போது ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். எல்லோரும் ஊர்ந்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில் பிட்டுக்குள் நுழைந்து டயர் மாற்றுகிறவனுக்கு நஷ்டம் பாதிக்கும் கீழே. அதனால் ஊதாக் கொடி தெரிந்த மறு நொடியில், பிட் சுவரில் உட்கார்ந்திருக்கும் பொறியாளர் முடிவெடுத்தாக வேண்டும். உள்ளே கூப்பிடலாமா, வேண்டாமா? டேங்கில் எவ்வளவு இருக்கிறது? டயர் இன்னும் எத்தனை சுற்று தாங்கும்? ஓட்டுநர் எத்தனை நேரமாக உள்ளே இருக்கிறார்? யோசிக்க நேரம் இருக்காது. பெட்ரோல் போடுவதற்குத் துபாயில் பங்க் மாதிரியே ஒரு தனி இடம் உண்டு. எல்லா அணியும் அங்கேதான் போய் நிற்க வேண்டும். நம் யோசனை பக்கத்து அணிக்கும் வந்துவிட்டால் அங்கே வரிசைதான்.

ஓட்டுநர் மாறுவதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர்தான் கண்ணில் வந்தது. வைகாசி கருட சேவையன்று வரதரைச் சுமந்து வரும் ஸ்ரீபாதம்தாங்கிகளை காஞ்சிபுரத்துக்காரர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு தோள் விலகும். அதே இடத்தில் அடுத்த தோள் நுழையும். பெருமாள் ஆட மாட்டார், குடை சாயாது. கூட்டத்தில் பாதிப் பேருக்கு ஆள் மாறியதே தெரியாது. பிட்டில் நடப்பதும் அதுதான். வண்டி நின்றதும் கதவு திறக்கும். உள்ளே இருப்பவர் வருகிற வழியிலேயே வாரைத் தளர்த்தி வைத்திருப்பார். அவர் வெளியே குதிக்க, அடுத்தவர் உள்ளே நுழைவார். இறங்கியவர் ஓய்வெடுக்கப் போய்விட மாட்டார். குனிந்து, ஏறியவருக்கு வாரைப் பூட்டி, காதில் கேட்கும் ரேடியோ கம்பியைச் செருகி, தண்ணீர்க் குழாயை மாட்டிவிட்டுத்தான் நகர்வார். தன் வாரைத் தானே இழுத்துப் பூட்ட முடியாது, அவ்வளவு இறுக்கம் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வெந்து, வியர்வை சொட்ட இறங்கிய மனிதனுடைய முதல் வேலை அடுத்தவன் வாரை இறுக்குவது.

ஞாயிற்றுக்கிழமை 901 வண்டி தன் பிரிவில் 3-ஆம் இடம் பிடித்தது. அஜித் குமார் ஓட்டிய 414-க்கு ஜிடி4 பிரிவில் 'பந்தயத்தின் உணர்வு' என்ற சிறப்பு விருது கிடைத்தது. அவர் தேசியக் கொடியைப் பிடித்து ஓடிய படம் பொங்கல் வாரப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் வந்தது. 901-இன் வாரை இறுக்கிய மூவரின் படம் எனக்குத் தேடித்தான் கிடைத்தது.

*

பிப்ரவரியை வேகமாகக் கடக்கிறேன். எஸ்டோரிலில் ஒரு பயிற்சி மோதல். வாலென்சியாவில் வேறு வண்டியோடு உரசியதில் கார் உருண்டது. இரண்டிலும் அவர் காயமில்லாமல் எழுந்து நடந்தார். அந்த இரண்டும் 24 மணி நேரத் தொடரைச் சேர்ந்தவை அல்ல, போர்ஷேயின் தென் ஐரோப்பியத் தொடர். அதே மாதம் 6-ஆம் தேதி அவர் நடித்த 'விடாமுயற்சி' படம் வெளியானது. பந்தயப் பருவம் முடியும்வரை படத்தில் நடிப்பதில்லை என்று துபாயிலேயே சொல்லியிருந்தார். சொன்னபடி தடத்தில் இருந்தார்.

மார்ச்சில் இத்தாலியின் முகெல்லோ, 12 மணி நேரப் பந்தயம். ஜிடி992 பிரிவில் 3-ஆம் இடம். ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஸ்பா, 2-ஆம் இடம்.

ஸ்பாவில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தத் தடம் ஒரு சுற்று 7.004 கி.மீ. ஆர்டென் காட்டு மலைகளுக்குள் ஏறி இறங்கும். இந்த முனையில் மழை கொட்டும்போது அந்த முனையில் வெயில் அடிப்பதும் உண்டு. அங்கே மழை டயர் போட்டால் பாதிச் சுற்று காய்ந்த சாலையில் தேய்ந்துபோகும். போடாவிட்டால் மீதிப் பாதியில் வழுக்கும். எந்த டயர் என்று சொல்ல வேண்டியவர் பிட்டில் இருக்கிறார். அவருக்கு ஏழு கிலோமீட்டரில் பிட்டுக்கு எதிரே உள்ள நேர்ச்சாலை மட்டும்தான் கண்ணால் தெரியும். மீதியை ஓட்டுநர் ரேடியோவில் சொல்ல வேண்டும். அவர் சொல்வதை இவர் நம்ப வேண்டும். முன்பின் பழகாத ஆட்களை வைத்து இதைச் செய்ய முடியாது.

ஐரோப்பியச் சுற்றுகளில் அந்த அணி பெல்ஜியத்தின் ரெட் ஆன்ட் அமைப்போடு சேர்ந்து ஓடியது. துபாயில் நெதர்லாந்தின் பாஸ் கூட்டன் அமைப்பு வண்டியைத் தயார் செய்தது. சிறிய அணிகள் உலகெங்கும் நடப்பது இப்படித்தான். பெயரும் பணமும் உரிமையாளருடையவை. பட்டறை, கருவி, மெக்கானிக் எல்லாம் ஏற்கெனவே இந்தத் தொழிலில் ஊறிய ஒரு சிறு நிறுவனத்துடையவை. இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இந்த இடத்தில் எனக்கு ஓர் ஆசை வருகிறது. அந்தப் பட்டறையில் ஸ்பானர் பிடிக்கும் கைகளில் ஒன்றாவது நம் பக்கத்துக் கையாக இருக்க வேண்டும். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உலகத்துக்குக் கார் பூட்டிக் கொடுக்கிற பிள்ளைகள் நம் பிள்ளைகள்தானே?

நீண்ட ஓட்டப் பந்தயத்துக்கு நாம் புதியவர்களும் அல்ல. சென்னையின் கருண் சந்தோக் 2012-இல் பிரான்சின் லே மான்ஸ் 24 மணி நேரத்தில் ஓடி, அவருடைய வண்டி 6-ஆவதாக வந்தது. அதற்கு மூன்று ஆண்டு முன்பு கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் அதே பந்தயத்துக்கு ஆடி வண்டியில் போனார். பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன் பிட் சுவரிலிருந்து குதித்தபோது அவருடைய தோள்பட்டை விலகிவிட்டது. மூவர் பங்கிட வேண்டிய 24 மணி நேரத்தை மீதி இருவரே ஓட்டி 7-ஆம் இடத்தில் முடித்தார்கள். ஃபார்முலா ஒன்றில் ஓடிய முதல் இந்தியரை மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம் ஒன்றும் செய்யவில்லை, ஒரு மதில் சுவர் உட்கார்த்திவிட்டது. அந்த இருவரையும் அவர்களுடைய மெக்கானிக்குகளையும் நினைத்தால் எனக்கு இன்றும் மதிப்பு கூடுகிறது.

*

இனி நம் சாலைக்கு வருகிறேன்.

செவிலிமேட்டில் சாலைக்கிணறு இருக்கிறது. வேடர் தம்பதியாக வந்த பெருமாளுக்கும் தாயாருக்கும் ராமானுஜர் நீர் இறைத்துக் கொடுத்தது அங்கேதான் என்பது ஐதீகம். அவர் பிறந்தது ஸ்ரீபெரும்புதூரில். காஞ்சிபுரத்திலிருந்து பொன்னேரிக்கரை தாண்டி நெடுஞ்சாலை ஏறி, சுங்குவார்சத்திரம் கடந்தால் அவர் ஊர் வரும். இன்னும் சில கிலோமீட்டர் போனால் இருங்காட்டுக்கோட்டை. 40 கி.மீ. சொச்சம்தான். ஆலைப் பேருந்துகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் விடியற்காலையில் போய் இரவில் திரும்பும் சாலை அது.

ஹூண்டாய் ஆலை இருக்கும் அந்த இருங்காட்டுக்கோட்டையில்தான் இந்தியாவின் பழைய பந்தயத் தடம் இருக்கிறது. நீளம் 3.717 கி.மீ., 12 வளைவு. 1953-இல் தொடங்கிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைக் கட்டியது. அதற்கு முன் அவர்களுடைய பந்தயம் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்தது. சோழவரம் பந்தயத்துக்குச் சைக்கிளில் போய் வந்த கதையை அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது.

அந்தத் தடத்தில் ஒரு தலைமுறையை உருவாக்கியது ஒரு சின்ன வண்டி. கோயம்புத்தூரின் கரிவரதன், மாருதி 800 காரின் என்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி ஒன்றை வடிவமைத்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். வெளிநாட்டிலிருந்து வண்டி இறக்க வசதியில்லாத பிள்ளைகள் பந்தயம் பழக அப்போது அதுதான் வழி. 2002-இல் அஜித் குமார் தேசியப் போட்டியில் 4-ஆம் இடம் பிடித்தது ஃபார்முலா மாருதியில்தான். கரிவரதன் 1995-இல் சிறு விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த தடத்துக்கு அவர் பெயர்.

இருங்காட்டுக்கோட்டைக்கு நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் போனேன். சிறிய அணி ஒன்று, இரண்டே வண்டி. மாருதி ஸ்விஃப்ட்டின் என்ஜின் வைத்த ஃபார்முலா எல்ஜிபி. ஷெட்டின் ஒரு மூலையில் பாலுசெட்டிசத்திரத்துப் பையன் ஒருவன் குந்தியிருந்தான். வார நாளில் கம்பெனி வேலை, பந்தய வார இறுதியில் இங்கே. அவன் செய்துகொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் ஆச்சரியமுமாக வந்தது. நூல் கட்டிக்கொண்டிருந்தான்.

வண்டியின் முன்னால் ஒரு குறுக்குக் கம்பி, பின்னால் ஒரு குறுக்குக் கம்பி. இரண்டையும் இணைத்து, வண்டியின் இரு பக்கமும் சக்கர நடுவுயரத்தில் இழுத்துக் கட்டிய நூல். விரலால் மெல்ல மீட்டிப் பார்த்தான். தொய்வு இல்லை. எஃகு ஸ்கேலை எடுத்து, சக்கர விளிம்பின் முன்பக்கத்துக்கும் நூலுக்கும் இடைவெளி அளந்தான். பிறகு பின்பக்கம். இரண்டுக்கும் வித்தியாசம் எத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதினான். படுத்து உள்ளே நுழைந்து, ஸ்டியரிங் கம்பியின் நட்டை அரைத் திருப்பு திருப்பினான். மறுபடி எழுந்து அளந்தான். நான் பார்த்த நேரத்தில் ஒரு சக்கரத்துக்கு ஆறு முறை.

"இதுக்கு மெஷின் இல்லையா தம்பி?"

"மெஷின் இருக்குணா. அதைத் தூக்கினு ஊர் ஊரா போக முடியுமா? கோயம்புத்தூர்ல ஒரு ரேஸு, இங்க ஒரு ரேஸு. நூலுன்னா பாக்கெட்டுல போட்டுக்கலாம். வெளிநாட்டுலயும் இப்டித்தான் கட்றாங்கோ."

அவன் சொன்னது உண்மை. பெரிய அணிகளின் பட்டறைகளிலும் சக்கரத்தின் நேர் பார்க்க நூல் கட்டுகிறார்கள்.

எந்த ஊர் என்று கேட்டான். செவிலிமேடு என்றேன். "பட்டு ஊரா? அப்ப உங்களுக்கு நூலு புதுசு இல்ல" என்றான். உண்மைதான். எங்கள் தெருவில் பாவு இழுத்துக் கட்டி, இழை அறுந்திருக்கிறதா, தொய்ந்திருக்கிறதா என்று விரல் ஓட்டிப் பார்ப்பதைச் சிறுவயதிலிருந்து பார்த்தவன் நான். அவன் விரல் நூலை மீட்டிய விதம் எனக்கு நன்றாகத் தெரிந்த விதம்.

பிறகு அவன் போல்ட்டுகளுக்குப் போனான். டார்க் ரெஞ்ச் என்ற அளவுக் கருவியால் ஒவ்வொன்றையும் இறுக்கி, 'டக்' என்று சத்தம் வந்ததும் நிறுத்தி, போல்ட்டின் தலையிலிருந்து அது உட்கார்ந்த தகடு வரை மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரே கோடு இழுத்தான். பந்தயம் முடிந்து வண்டி திரும்பும்போது அந்தக் கோடு இரண்டாகப் பிரிந்து விலகியிருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று பொருள். குனிந்து பார்த்தால் போதும், கருவி எதுவும் வேண்டாம். அந்த வண்டியில் எத்தனை மஞ்சள் கோடு என்று எண்ண ஆரம்பித்து, முப்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

அன்று அவர்களுடைய வண்டி ஒன்று மூன்றாவது சுற்றில் வேறொரு வண்டியோடு உரசி மூக்கு உடைந்து திரும்பியது. அடுத்த ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. யாரும் கத்தவில்லை. ஓட்டுநரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன்தான் முதலில் குனிந்தான். பழைய மூக்கைக் கழற்றி, வேறொன்றைப் பூட்டி, கம்பி நேராக இருக்கிறதா என்று பார்க்க மறுபடியும் நூல். வண்டி ஓடியது. எத்தனையாவதாக வந்தது என்று கேட்டால் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும், அதனால் சொல்லவில்லை. முடித்தது. ஷெட்டுக்குத் திரும்பியதும் அவன் செய்த முதல் காரியம், குனிந்து மஞ்சள் கோடுகளைப் பார்த்தது.

*

செப்டம்பர் கடைசியில் ஸ்பெயினின் பார்சிலோனாவில் 24 மணி நேரப் பந்தயம். அஜித் குமாரின் அணி 3-ஆம் இடம். துபாய் 3, முகெல்லோ 3, ஸ்பா 2, பார்சிலோனா 3. இந்த நான்கில் ஒன்றிலும் முதலிடம் இல்லை. இதைச் சிலர் குறையாகச் சொல்லக் கேட்டேன். நான் அப்படி நினைக்கவில்லை. முதல் ஆண்டில் ஓர் அணி 24 மணி நேரப் பந்தயம் இரண்டிலும் 12 மணி நேரப் பந்தயம் இரண்டிலும் கடைசிக் கொடி வரை வண்டியை ஓடவைத்து, நான்கு முறையும் மேடையில் ஏறியிருக்கிறது. மொத்தம் 72 மணி நேரம். அந்த நேரமெல்லாம் எத்தனை போல்ட், எத்தனை வார், எத்தனை டயர் என்று எனக்கு இப்போது ஓரளவு தெரியும். இதைவிட நல்ல முதல் பருவம் ஒரு சிறிய அணிக்கு அமைவது கடினம்.

பெரியப்பாவிடம் இதையும் சொன்னேன். மூன்றாம் இடம் என்றதும் அவர் கேட்ட கேள்வி, "வண்டி முழுசா வந்துச்சா?" வந்தது என்றேன். தலையாட்டினார்.

வாசகர்களுக்கு, அதிலும் காஞ்சிபுரம், செவிலிமேடு, ஓரிக்கை, வாலாஜாபாத் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் ஐடிஐ படிக்கிற பிள்ளையோ, கிடைத்த இயந்திரத்தையெல்லாம் கழற்றிப் பார்க்கிற பெண்ணோ இருந்தால், தேசியப் போட்டி நடக்கும் வார இறுதியில் ஒருமுறை அழைத்துப் போங்கள். துபாய்க்கும் ஸ்பாவுக்கும் போக வேண்டாம். காஞ்சிபுரத்தில் பூந்தமல்லிப் பேருந்து ஏறி இருங்காட்டுக்கோட்டையில் இறங்கினால் போதும். வண்டிகள் ஓடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஷெட்டுப் பக்கம் கண் வையுங்கள். கொஞ்சம் சீக்கிரமாகவே கிளம்புங்கள். நூல் கட்டுவது விடிகாலையில்தான்.

(தொடரும்)